வைப்பர் தண்ணி

எனக்கு எதுவும் குறைந்து கிடந்தால் பிடிக்காது. டம்ளரில் காபி கொஞ்சம் குறைந்தால்கூட சமையலறைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போடுவேன். "மூக்கு மேல வர்ற கோபம் இருக்கட்டும். மூக்குக்குக் கீழ இருக்கிறத முதல்ல குடிங்க" என்பாள் என் மனைவி. அவளிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததாக வரலாறு இல்லை.

இந்தக் குணம் வேலையால் வந்தது. நான் நீரேற்று நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் உடனே மோட்டாரைப் போட வேண்டும். எங்கே ஒழுகுகிறது, எவன் எங்கே திறந்துவிட்டான் என்பதெல்லாம் அப்புறம். முதலில் நிரப்பு, பிறகு ஓட்டையைத் தேடு. எங்கள் நிலையத்தில் இதற்கு மேல் சட்டம் கிடையாது. இப்படி நிரப்பியே தலை நரைத்தவன் நான்.

மகனுடைய கார் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் நிற்கிறது. சாம்பல் நிறம். பெரிய வண்டி ஒன்றும் இல்லை, பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் யோசித்துத்தான் ஏற வேண்டும். அவன் வேலைக்குப் பேருந்தில் போய்விடுவான். கார் ஞாயிற்றுக்கிழமைக்கு. அவன் ஓட்டுவான், மருமகள் பக்கத்தில் உட்காருவாள், நாங்கள் இருவரும் பின்னால். எங்கே போகிறோம் என்று தெருமுனை திரும்பும்வரை சண்டை நடக்கும். கடைசியில் அவன் நினைத்த இடத்துக்குத்தான் போவோம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை செய்யும் இடத்தில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

காரைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. கொட்டகைப் பக்கம் இருக்கும் ஜன்னலை மனைவி திறப்பதையே நிறுத்திவிட்டாள். ஆனால் நிற்கிற வண்டி சும்மா நிற்காது, உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே நிற்கும். பேட்டரி செத்துப்போகும், ரப்பர் காய்ந்துபோகும். அவன் விட்டுப்போன மாதிரியே இதை வைத்திருக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. அவனைக் காப்பாற்ற என்னால் ஆகவில்லை. இதையாவது காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன்.

அதனால் ஒவ்வொரு ஞாயிறு காலையும் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போவேன். வண்டி ஆறியிருக்கும்போதே பானெட்டைத் தூக்குவேன். என்ஜின் ஆயில் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பேன். கம்பியில் இரண்டு கோடு இருக்கும், அதற்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும். கூலண்ட் வெள்ளை டப்பாவில் இருக்கும், வெளியிலிருந்தே அளவு தெரியும். பிரேக் ஆயில் டப்பா கண்ணாடியை ஒட்டி மூலையில். எல்லாம் பார்த்து முடித்து, உள்ளே உட்கார்ந்து கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிடுவேன். மகன் நெட்டை, நான் குட்டை. கிளட்ச்சை எட்டுவதற்கு இருக்கையின் நுனிக்கு வந்து தொங்கிக்கொண்டு உட்காருவேனே தவிர, இருக்கையை ஒரு விரற்கடைகூட முன்னால் இழுத்ததில்லை. பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியும் அவன் உயரத்துக்கு வைத்தபடியே இருக்கிறது. அதில் எனக்குத் தெரிவது கூரைத் துணிதான்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருமுனை மெக்கானிக். அவருக்குப் பெயர் என்னவோ, ஊருக்கு அவர் 'பதினாலு'. பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எங்கேயாவது வைத்துவிட்டு நாள் முழுக்க "பதினாலு எங்கய்யா, பதினாலு எங்கய்யா" என்று தேடுவதால் வந்த பெயர். பிரேக் ஆயிலைக் காட்டி அவர் எச்சரித்தார். "சார், இதுல மட்டும் குறைஞ்சா ஊத்திட்டுப் போயிடாதீங்க. பிரேக் கட்டை தேஞ்சாலும் இது இறங்கும். ஏன் குறைஞ்சுதுன்னு முதல்ல பாருங்க."

"குறைஞ்சா ஊத்தணும். அவ்வளவுதான்" என்றேன்.

"அது உங்க தொட்டிக்கு, சார்" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

ஓடாத வண்டியில் எதுவும் குறையவில்லை. ஆயில் அப்படியே, கூலண்ட் அப்படியே, பிரேக் ஆயில் அப்படியே. குறைந்தது ஒன்றே ஒன்றுதான். வைப்பர் தண்ணி.

அதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. என் மகன் எந்தப் பயணத்துக்கும் வண்டியை எடுக்கும் முன்னால் முன்கண்ணாடிக்கு இரண்டு தடவை தண்ணி அடிப்பான். வெயிலோ மழையோ, கண்ணாடி பளபளவென்று இருந்தாலும் சரி, இரண்டு தடவை. அதன் பிறகுதான் கியர் விழும். அந்தத் தண்ணியில் அவன் தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவைக் கலப்பான். முடி கொட்டுகிறது என்ற கவலையில் எலுமிச்சைப் புல் வாசனை அடிக்கும் ஏதோ ஒரு ஷாம்பூவை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். பாட்டில் தீரும்போது அடியில் ஒட்டியிருப்பதைத் தண்ணீர் விட்டுக் குலுக்கி இந்த டப்பாவில் ஊற்றிவிடுவான். அடைத்துக்கொள்ளும், குழாயில் பாசி பிடிக்கும் என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். கடைசி ஞாயிறும் அதைத்தான் செய்தான், நானும் அதைத்தான் கத்தினேன். "வண்டிக்கும் முடி கொட்டாம இருக்கட்டும்ப்பா" என்றான். என் மனைவி சிரித்ததில் கையிலிருந்த தட்டு சாய்ந்தது.

அவன் போன பிறகு முதல் தடவை பானெட்டைத் தூக்கியபோது அந்த டப்பா வாய்வரை நிறைந்திருந்தது. அடுத்த வாரம் பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருந்தது. எனக்குப் பொறுக்குமா? நிரப்பினேன். கண்ட தண்ணீர் இல்லை, வீட்டில் குடிப்பதற்கு வடிகட்டி வைத்திருக்கும் சுத்தமான தண்ணீர். அடுத்த வாரமும் இறங்கியது. நிரப்பினேன். அதற்கடுத்த வாரமும். நிரப்பி மூடியை அழுத்தி மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். உண்மையைச் சொன்னால், அந்த வாரம் முழுவதிலும் எனக்கு நிம்மதி தந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். ஏதோ ஒன்றைச் சரிசெய்துவிட்டேன் என்று தோன்றும். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போவேன். அன்றைக்குப் பசிக்கும்.

"வண்டிக்குத் தாகம் எடுக்குது போல" என்றாள் மனைவி.

"எங்கயோ ஒழுகுது. கண்டுபிடிக்கிறேன் பாரு."

கண்டுபிடிக்க முடியவில்லை. வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துவைத்தேன், ஒரு சொட்டு ஈரமில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்மேல் சந்தேகப்பட்டு அவர்கள் அப்பாவிடம் போய் நியாயம் கேட்டு, மூக்குடைபட்டுத் திரும்பினேன். கடைசியில் ஒரு புதன்கிழமை பதினாலைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், குழாயைத் தடவினார், நிமிர்ந்து முன்கண்ணாடியைப் பார்த்தார்.

"சார், ஒழுகல. யாரோ அடிக்கிறாங்க. அங்க பாருங்க."

பார்த்தேன். வண்டி முழுக்க மெல்லிய தூசி. முன்கண்ணாடியில் மட்டும் விசிறி விரித்த மாதிரி இரண்டு வளைவு சுத்தமாக இருந்தது. வைப்பர் போய்வந்த தடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன், வந்ததும் முதல் வேலையாக வண்டியைத் துடைத்துவிடுகிறவன் நான். எனக்கு எப்படித் தெரியும்?

"சாவி வீட்டுக்குள்ள இருக்கு. யார் அடிப்பாங்க?"

"அத நீங்கதான் சொல்லணும்" என்றவர் டப்பாவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள வழவழன்னு பாசி வேற பிடிச்சிருக்கு சார். அடியில மோட்டார்கிட்ட ஒரு டியூப் இருக்கும், உருவிவிட்டா மொத்தமும் காலியாயிடும். அலசிட்டு நல்ல லிக்விட் ஊத்திடுங்க." நீலமாக ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை என் கொட்டகையில் மறந்து வைத்துவிட்டுப் போனார்.

யார் அடிக்கிறார்கள் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் இருப்பதே மூன்று பேர். நான் இல்லை. மனைவி அந்தப் பக்கம் ஜன்னலையே திறக்காதவள். மூன்றாவது ஆளை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு சத்தமில்லாமல் இருந்தாள் அவள்.

என் மருமகளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவன் போன பிறகு அவளுடைய அம்மா வந்து கூப்பிட்டார்கள். "இங்கயே இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டாள். காலையில் போவாள், நான் மாலை நடைக்குப் போயிருக்கும் நேரத்தில் திரும்புவாள். நான் வரும்போது சமையலறையில் அத்தைக்கு உதவிக்கொண்டிருப்பாள். அழுது நாங்கள் பார்த்ததில்லை. "கல்லு மாதிரி இருக்கா, பயமா இருக்குங்க" என்று மனைவி என்னிடம் சொன்னாள். நான்தான் அவளை அதட்டினேன்.

அந்த ஞாயிறு, நீல பாட்டிலோடு கொட்டகைக்குப் போனேன். பழைய கோணியை விரித்துப் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு டியூபைத் தேடிப் பிடித்து உருவினேன். தண்ணீர் கொடகொடவென்று தரையில் ஊற்றி சாக்கடைப் பக்கம் ஓடியது. தொலைந்தது பீடை என்று எழுந்து உட்கார்ந்தேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மருமகள் வெறுங்காலோடு ஓடிவந்தாள். மாடி ஜன்னலில் இருந்து பார்த்திருக்கிறாள். அந்த ஈரத்திலேயே மண்டிபோட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையைவிட்டு, தண்ணீர் வருகிற வாயை உள்ளங்கையால் அடைத்தாள். விரலிடுக்கில் தண்ணீர் பீறிட்டு அவள் முகத்தில் அடித்தது. கையை எடுக்கவில்லை.

"என்னம்மா பண்ற?"

"வேணாம் மாமா. விடாதீங்க. டியூப மாட்டுங்க. மாட்டுங்க மாமா!"

என்னிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. பயந்துபோய் டியூபைத் தேடி மாட்டினேன். இரண்டு தடவை நழுவியது. மாட்டி முடித்ததும் அவள் எழுந்து டப்பாவைப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. காரின்மேல் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது அவர் ஊத்தினது, மாமா" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா சொல்ற? அவன் ஊத்தினது எப்பவோ போயிருக்குமே. நான்தானே வாரா வாரம் நிரப்புறேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"தெரியும் மாமா."

அதன் பிறகு அவள் சொன்னாள். கடையிலிருந்து வந்ததும், நான் நடையிலும் அத்தை சமையலறையிலும் இருக்கும் நேரத்தில், சாவியை எடுத்துக்கொண்டு வந்து காருக்குள் உட்காருவாளாம். அவளுடைய இடத்தில். ஓட்டுகிற இருக்கையில் இல்லை. அங்கிருந்தே எட்டிச் சாவியைத் திருப்பி, ஃபேனைப் போட்டு, வைப்பர் குச்சியை இழுத்து இரண்டு தடவை தண்ணி அடிப்பாளாம்.

"கண்ணாடியில தண்ணி அடிச்சா, அந்த வாசனை ஃபேன் வழியா உள்ள வரும் மாமா. அவர் தலை வாசனை. அவர் குளிச்சிட்டு வந்து தலை துவட்டுவாரே, அதே வாசனை. ரெண்டு தடவை அடிச்சா கொஞ்ச நேரம் நிக்கும். கண்ண மூடிக்கிட்டா, பக்கத்துல உக்காந்திருக்கார், இதோ வண்டி கிளம்பப் போகுதுன்னு இருக்கும். அப்புறம் எறங்கி வந்துடுவேன்."

அவளே தொடர்ந்தாள்.

"முதல்ல நல்லா வந்துச்சு. போகப் போகக் குறைஞ்சுது. ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் அடிச்சுப் பார்த்தேன். அப்படியும் குறைஞ்சுது."

குறைத்தது யார்? நான். வடிகட்டிய சுத்தமான தண்ணீரை ஞாயிறு தவறாமல் ஊற்றி ஊற்றி, என் மகனின் வாசனையை நானே என் கையால் கழுவி விட்டிருக்கிறேன். அவன் விட்டுப்போன மாதிரியே வைத்திருக்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு, இருக்கையை ஒரு விரற்கடை நகர்த்தாமல் நுனியில் தொங்கியவன், அவன் உண்மையிலேயே மிச்சம் இருந்த ஒரே இடத்தைக் கழுவியிருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை விழுந்த இடி என் தலையில் மறுபடியும் விழுந்தது.

"அதே ஷாம்பூ வாங்கிட்டு வரேன்ம்மா. இப்பவே வாங்கிக் கலந்துடறேன்" என்று உளறினேன்.

"வாங்கினேன் மாமா. குளியலறையில இருக்கு. மோந்து பார்த்தேன். அது வெறும் ஷாம்பூதான்."

"ஏம்மா, என்கிட்ட முதல் வாரமே சொல்லியிருக்கலாமே? 'தண்ணி ஊத்தாதீங்க'ன்னு ஒரு வார்த்தை. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

அவள் சேலை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "எப்படி மாமா சொல்றது? மத்த நாளெல்லாம் நீங்க சுவத்தைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்தான் சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு மனுசனா எழுந்து வருவீங்க. தண்ணி ஊத்தி மூடும்போது உங்க முகத்த மேல ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கேன். 'இன்னிக்கு உன் மாமா கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்டி'ன்னு அத்தை அவ்வளவு சந்தோசமா சொல்வாங்க. அதையும் எப்படிப் பிடுங்கிக்கிறது?"

ஒரு பெண் தனக்குப் புருஷனிடமிருந்து மிச்சம் இருந்ததை, மாமனாருக்குப் பசிக்கட்டும் என்று வாரா வாரம் விட்டுக்கொடுத்திருக்கிறாள். மேலே ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். நான் கீழே மூடியை அழுத்தி 'டக்' என்று சத்தம் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன். அவள் தலையில் கை வைத்தேன். "பாவி நான்" என்றேன். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.

நீல பாட்டிலைப் பதினாலிடம் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டார். "வேணாம்" என்றேன். ஸ்பேனரைக் கொடுத்ததும் அவர் அந்த மகிழ்ச்சியில் வேறெதையும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் கொட்டகைக்குப் போனேன். ஆயில் பார்த்தேன், கூலண்ட் பார்த்தேன், பிரேக் ஆயில் பார்த்தேன். வைப்பர் தண்ணி டப்பாவைத் திறந்தேன். அடியில் நாலு விரல்கூட இல்லை. கை தானாகத் தண்ணீர்க் கேனுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். குறைந்து கிடக்கிற ஒன்றைக் குறைந்தபடியே விட்டுவிட்டு மூடுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மூக்கை டப்பாவின் வாய்க்குள் நுழைத்து மோந்து பார்த்தேன். பாசி வாடைதான் அடித்தது.

அன்று நான் கேட்டு வாங்கிச் சாப்பிடவில்லை. மனைவி விடுவாளா? தோண்டித் துருவினாள். சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். மறுநாள் மாலை நான் நடைக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு நடக்க வேணாம். வாங்க."

கொட்டகைக்குப் போனோம். மருமகள் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் பதறி இறங்கப் பார்த்தாள். "உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு மனைவி பின்கதவைத் திறந்து ஏறினாள். நானும் அவள் பக்கத்தில் ஏறினேன். ஓட்டுகிற இருக்கை அவன் உயரத்துக்குப் பின்னால் தள்ளியபடி இருந்ததால் என் முழங்கால் அதில் இடித்தது. எப்போதும் இடிக்கும், எப்போதும் திட்டுவேன், "அப்பா, காலை மடக்கி டிக்கியில வச்சுக்கோங்க" என்பான். முன்னால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மருமகள் எட்டிச் சாவியைத் திருப்பினாள். ஃபேன் ஓடியது. குச்சியை இழுத்தாள். தண்ணீர் எழும்பிக் கண்ணாடியில் விழுந்தது, வைப்பர் ஒரு தடவை வழித்துவிட்டுப் போனது. மறுபடி ஒரு தடவை. மூன்று பேரும் காத்திருந்தோம்.

மனைவி நன்றாக மூச்சை இழுத்தாள். "வருது" என்றாள்.

எனக்கு வந்தது தூசி வாடையும் பழைய ரப்பர் வாடையும்தான். எவ்வளவு இழுத்தும் வேறொன்றும் இல்லை. மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு வருதா மாமா?"

"வருதும்மா. நல்லா வருது" என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்தப் பொய்க்காக எனக்கு எந்த நரகம் கிடைத்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து மாலைதோறும் மூன்று பேரும் போனோம். அவரவர் இடத்தில் உட்காருவோம். தண்ணி அடித்த பிறகு மனைவி ஏதாவது ஆரம்பிப்பாள். அவன் சின்ன வயதில் செய்த அக்கிரமம், அவன் பாஸ் பண்ணாத பரீட்சை, அவன் முடிக் கவலை. மருமகள் அவளுக்குத் தெரிந்ததைச் சொல்வாள். எங்களுக்குத் தெரியாத என் மகன் ஒருவன் அவளிடம் இருந்தான். ஒரு நாள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழுதாள், மனைவி பின்னாலிருந்து கையை நீட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கல்லு மாதிரி இருக்கிறாள் என்ற பயம் அன்றோடு போனது. டப்பாவில் தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஞாயிறுதோறும் திறந்து பார்ப்பேன், ஊற்றாமல் மூடுவேன்.

பிறகு ஒரு மாலை, அவள் குச்சியை இழுத்தபோது தண்ணீர் வரவில்லை. அடியில் மோட்டார் மட்டும் 'ர்ர்ர்' என்று வெறுமனே சுற்றியது. வைப்பர் காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்துவிட்டுத் திரும்பியது. அவள் இன்னொரு தடவை இழுத்தாள். ர்ர்ர். மெதுவாகச் சாவியைத் திருப்பி அணைத்தாள்.

யாரும் இறங்கவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று, "இன்னிக்கு வரைக்கும் வாசனை இருந்துச்சேம்மா, அதுவே பெரிசு" என்றேன்.

அவள் திரும்பாமலேயே பேசினாள். "எனக்கு எப்பவோ நின்னுபோச்சு, மாமா. நீங்க டியூப உருவினீங்களே, அதுக்கும் முன்னாடியே. நீங்க வருதுன்னு சொன்னீங்களேன்னுதான் தினமும் அடிச்சேன்."

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் வரலடி" என்றாள். "ஒரு நாளும் வரல."

மூன்று பேரும் அந்த வெற்று இருக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இத்தனை நாளாக இல்லாத ஒன்றை ஒருவருக்காக ஒருவர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அவன் போய்விட்டான் என்பது எனக்கு முழுதாகத் தெரிந்தது அந்தக் கணத்தில்தான்.

மருமகள்தான் முதலில் கதவைத் திறந்தாள். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தாள்.

"இனிமே நீங்க ஊத்தலாம், மாமா."

பானெட்டைத் தூக்கினேன். கேனை எடுத்துவந்தேன். அவள் புனலைப் பிடித்துக்கொண்டாள். வடிகட்டிய தண்ணீர், வேறெதுவும் கலக்காதது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். சரியாகக் கோடு வரைக்கும் வந்து நின்றது. மூடியை அழுத்தினேன், 'டக்' என்றது. என் வாழ்நாளெல்லாம் தொட்டிகளை நிரப்பியிருக்கிறேன். நிரம்பிய ஒன்றைப் பார்த்து வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.